பாதி அரண்மனை, பாதி பாதாளச் சிறை

கன்னத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிக்கொண்டு, பல்வலிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த அகாப்பித்தோ, போர்த்தெலாக்கி மாளிகையின் அரங்கக் கதவைத் திறந்தவுடன், மறுபடி போய்ப் படுத்துக்கொண்டால் தேவலை என்று நினைத்தான்.

மேடையின் இடப்பக்கத்தில் ஒரு பொன் மண்டபம் நின்றது. முறுக்குத் தூண்கள், தூணுக்குத் தூண் பூமாலை, மேலே கொம்பு ஊதும் குண்டுக் குழந்தைத் தேவதைகள். எல்லாம் அவன் காகிதத்தில் வரைந்து கொடுத்தபடியே இருந்தன. வலப்பக்கத்தில் ஒரு பாதாளச் சிறை நின்றது. பாசி பிடித்த கருங்கல், இரும்பு வளையம், கப்பி, கயிறு, ஒரு எலி. அதுவும் அவன் வரைந்தபடியே இருந்தது. இரண்டும் நடுவில் ஒரே வளைவின் கீழ், நேற்றுத்தான் கல்யாணம் ஆனது போல ஒட்டிக்கொண்டு நின்றன.

தச்சர்களின் மேஸ்திரி சாந்தே, கையைத் துடைத்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"எப்படி தம்பி இருக்கு? உங்க மூஞ்சியப் பாத்து ஒண்ணும் தெரியல. அது வீக்கமா, சந்தோஷமா?"

அகாப்பித்தோ மெதுவாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். இது ஒரு காட்சி இல்லை, இரண்டு காட்சி என்று சொன்னான். ஒரு காகிதத்தில் இரண்டு யோசனை. இடது பாதி வேண்டுமென்றால் வலது பாதி வேண்டாம், வலது வேண்டுமென்றால் இடது வேண்டாம். எப்படியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரப்போகிற வேலையில் ஒரே தூணை எதற்கு இரண்டு தடவை வரைய வேண்டும்? பொலோஞ்ஞாவில் பலிபீடம் வரைகிறவனும் இப்படித்தான் வரைகிறான், மாளிகை வாசல் வரைகிறவனும் இப்படித்தான் வரைகிறான். வேலை கொடுக்கிறவர் பிடித்த பாதியின் கீழே கையெழுத்துப் போடுவார். போடாத பாதி செத்த பாதி.

சாந்தேவுக்கு அதெல்லாம் தெரியும். அகாப்பித்தோவுக்குப் பால்பல் முளைப்பதற்கு முன்பிருந்தே தெரியும் என்று அவர் சொன்னார். ஆனால் அவர் கைக்கு வந்த காகிதத்தில் இடது பாதியின் கீழே மாளிகைப் பிரபுவின் கையெழுத்து இருந்தது. வலது பாதியின் கீழே அவர் மனைவி சீமாட்டியின் கையெழுத்து இருந்தது.

"இதுல எந்தப் பாதிய நான் கழிச்சுப் போடறது, சொல்லுங்க. பிரபுவ கழிக்கவா, அம்மாவ கழிக்கவா? எனக்கு இருக்கறது ஒரு தலை. அப்புறம் அந்த நடு வளைவப் பாருங்க. சங்கிலி அப்படியே பூமாலையா மாறிப் போகுது. வேண்டாம்னு போடப்போற வேலைக்கு ஒரு மனுஷன் இவ்வளவு மெனக்கெடுவானா?"

அகாப்பித்தோ அந்த வளைவைப் பார்த்தான். நடுக்கோட்டில் இரண்டு யோசனைகளும் முட்டிக்கொண்டு நிற்பது அவன் கண்ணை உறுத்தியது. அதனால்தான் ஒரு நாள் மாலை முழுக்க உட்கார்ந்து, சிறையின் சங்கிலிக் கண்ணிகளை ஒவ்வொன்றாக இளக்கி, இலையாக்கி, மொட்டாக்கி, மண்டபத்தின் பூமாலையில் கொண்டுபோய் முடித்தான். யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்கவில்லை. வரைந்து முடித்ததும், இதை யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. தனக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம் வருகிறது என்று அதை ஒதுக்கிவிட்டான்.

அன்று திங்கட்கிழமை. தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் கொண்டாட்டத்தின் கடைசி வியாழக்கிழமை நாடகம்.

காட்சி ஏன் இரண்டு யோசனையாக இருந்தது என்றால், நாடகத்துக்கு மூன்றாம் அங்கமே இல்லை. எழுத வேண்டியவர் மாளிகைப் பாதிரியார் தொன் கல்லிஸ்தோ. அவருக்கு எழுத நேரமில்லை, ஏனென்றால் உலிஸ்ஸே பிரபுவும் வியோலாந்தே சீமாட்டியும் பேசிக்கொள்வதில்லை. என்றோ ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், சாற்றில் ஜாதிக்காய் தூக்கலாக இருக்கிறது என்று பிரபு சொன்னார். நாக்கில்தான் கோளாறு என்று சீமாட்டி சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு ஒருவருக்கு இன்னொருவரிடம் என்ன சொல்ல வேண்டுமானாலும் தொன் கல்லிஸ்தோதான் கொண்டு போக வேண்டும். ஒரே சாப்பாட்டு மேசையில், உப்புக் கிண்ணத்தை நகர்த்தச் சொல்வதற்குக்கூட அவர் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார். எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக மாளிகையில் இரண்டு மாடிப்படி கட்டினார்கள், இரண்டு நடை கட்டினார்கள். அரங்கத்துக்குள்ளும் மேடையை ஒட்டி, உட்கார்ந்து நாடகம் பார்க்க, இடப்பக்க மாடம் பிரபுவுக்கு, வலப்பக்க மாடம் சீமாட்டிக்கு. இவர் வர ஒரு வழி, அவர் வர ஒரு வழி.

நாடகத்தின் கதாநாயகன் ராஜா ஸொராமொந்தோ. அவன் கடைசியில் சிம்மாசனத்துக்குப் போகிறானா, சிறைக்குப் போகிறானா என்று தொன் கல்லிஸ்தோவுக்கே தெரியாது. இறகுப் பேனாவை மையில் தோய்த்தால் பிரபுவின் அழைப்பு மணி அடித்தது. மாடிக்கு ஓடினார். திரும்பி வந்து தோய்த்தால் சீமாட்டியின் மணி அடித்தது. ஆகவே அகாப்பித்தோ இரண்டுக்கும் சேர்த்து வரைந்து கொடுத்துவிட்டுப் பல்வலியில் விழுந்தான். தொன் கல்லிஸ்தோ படத்தைப் பிரபுவிடம் கொண்டு போனார். ராஜாக்களை மன்னிப்பது பிரபுவுக்குப் பிடிக்கும், இடது பாதியில் கையெழுத்துப் போட்டார். சீமாட்டியிடம் கொண்டு போனார். ராஜா என்றால் ஒரு தடவையாவது உள்ளே கிடந்து பார்க்க வேண்டும் என்று அவர் வலது பாதியில் போட்டார். கணவனும் மனைவியும் இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே என்று தொன் கல்லிஸ்தோவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணோடு படத்தை ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்ச் சாந்தேவிடம் கொடுத்தார்.

அகாப்பித்தோவின் நிலைமைதான் மோசம். அவனுடைய குரு வியன்னாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போர்த்தெலாக்கி அரங்கத்தின் ஓவியர் பதவி காலியாகக் கிடந்தது. இந்தக் கார்னிவலை ஒழுங்காக முடித்தால் அது அவனுக்கு. இல்லாவிட்டால், மனைவியின் அண்ணன் தர்க்வீனியோவின் இறைச்சிக் கடையில் மோர்த்தடெல்லா என்கிற பருத்த தொத்திறைச்சியை வில்லை வில்லையாக வெட்ட வேண்டியதுதான். தர்க்வீனியோ கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஊரெல்லாம் சிரிக்கிற விஷயத்தைக் கேட்டுவிட்டு, அக்கறையாகவே பேசினான்.

"மாப்ளே, மனச விடாதீங்க. நம்ம கடையிலயும் கோடு பிடிச்சு வெட்டறதுக்குத்தான் ஆள் இல்ல. ஒவ்வொரு வில்லையும் ஒரே கனத்துல விழணும். அதுக்குக் கை நிதானம் வேணும். உங்களுக்கு அது இருக்கு."

அகாப்பித்தோவின் மனைவி புருதென்ஸா அடுப்பில் செஸ்ட்நட் கொட்டைகளைப் புரட்டிக்கொண்டே, "இவர விட்டு வெட்டச் சொல்லாதண்ணே" என்றாள். "இவரு வெட்டுனா முதல் வில்ல வண்டிச் சக்கரமாட்டம் இருக்கும், போகப் போகச் சின்னதாகி, கடைசி வில்ல பொத்தானாட்டம் இருக்கும். கேட்டா தூரத்துல இருக்கறது அப்படித்தான் தெரியும்பாரு."

தர்க்வீனியோ சிரித்தான். அகாப்பித்தோவும் சிரிக்கப் பார்த்தான், பல் வலித்தது. அண்ணன் போன பிறகு, இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று புருதென்ஸாவிடம் கேட்டான். போகாது என்று அவள் சொல்லவில்லை. போனால் வீட்டில் இறைச்சிக்குப் பஞ்சம் இருக்காது என்றுதான் சொன்னாள். அவள் ஆறுதல் சொல்கிற விதம் அது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் தன் தோல்வி எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்க அரங்கத்துக்குப் போனான். அளப்பது அவன் பழக்கம். முதலில் கீழே, தரைப் பெஞ்சுகளின் நடுவில் உட்கார்ந்து பார்த்தான். பாதி அரண்மனை, பாதி சிறை, சந்தேகமே இல்லை. பிறகு பிரபு எங்கிருந்து பார்ப்பாரோ அங்கிருந்தே பார்த்துவிடலாம் என்று இடப்பக்க மாடத்தில் ஏறி உட்கார்ந்தான்.

பொன் மண்டபத்தைக் காணோம்.

எட்டிப் பார்த்தான். இடப்பக்கத்தில் வரிசையாக நிறுத்தியிருந்த ஓவியத் தட்டிகள் எல்லாம் அவனுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றன. தெரிந்ததெல்லாம் சட்டத்தின் மரமும், ஆணி அடிக்கக் குனிந்திருந்த சாந்தேவின் பின்புறமும்தான். எதிரே வலப்பக்கம் முழுக்க, ஆதி முதல் அந்தம் வரை பாதாளச் சிறை. ஓடிப்போய் வலப்பக்க மாடத்தில் உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் சிறையே இல்லை, ஒரே பொன்.

அதாவது பிரபு தன் மாடத்தில் உட்கார்ந்தால் சீமாட்டி கேட்ட காட்சியைத்தான் பார்ப்பார். சீமாட்டி தன் மாடத்தில் உட்கார்ந்தால் பிரபு கேட்ட காட்சியைத்தான் பார்ப்பார். வேண்டுமென்றே திட்டம் போட்டால்கூட ஒரு மனிதன் இரண்டு பேரை ஒரே நேரத்தில் இவ்வளவு கச்சிதமாக அவமானப்படுத்த முடியாது. அகாப்பித்தோ மாடத்தின் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தத் தலைக்கு உறைத்தது. இதைத் திருப்பிப் போட்டால் போதுமே. அவரவர் கண்ணுக்கு அவரவர் கேட்டது மட்டும் தெரியும். இருவருமே தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைப்பார்கள்.

சாந்தேவிடம் சொன்னான். அவர் தாடையைச் சொறிந்துவிட்டு, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, தட்டிகளை இடம் மாற்றிவிடலாம் என்றார். இடத்தில் இருப்பதை வலத்தில் சொருகி, வலத்தில் இருப்பதை இடத்தில் சொருகினால் ஆயிற்று. மத்தியானம் முழுக்க இழுத்துச் சொருகினார்கள். பிறகு இருவரும் கீழே வந்து நின்று பார்த்தார்கள்.

தூரத்துக்குப் போகப் போகச் சரிய வேண்டிய கூரை விளிம்பெல்லாம் இப்போது வானத்தை நோக்கி ஏறியது. தூண்கள் குடித்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. குழந்தைத் தேவதைகள் தலைகுப்புற விழப்போவது போலத் தொங்கின. சிறை சபைப் பக்கம் கவிழ்ந்து வந்தது.

"இதுல எந்த ராஜாவ உக்கார வச்சாலும் வாந்தி எடுப்பான்" என்றார் சாந்தே.

எல்லாவற்றையும் மறுபடி பழைய இடத்துக்கு இழுத்தார்கள். தட்டிகளை மாற்ற முடியாது என்றால் மனிதர்களைத்தான் மாற்ற வேண்டும். அது இன்னும் கனமான வேலை. அந்த மாடங்களுக்காக ஏற்கெனவே வழக்கறிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள். இடம் மாறி உட்காருங்கள் என்று யாராவது சொன்னால், சொன்னவன் ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டியிருக்கும்.

புதன்கிழமை அகாப்பித்தோ பிரபுவைப் பார்க்கப் போனான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். நல்லவேளையாகக் கன்னத்துக் கட்டு காதையும் மறைத்தது. உண்மையில் அவன் பொய் சொல்லவும் இல்லை. காட்சி முடிந்துவிட்டது, எல்லா இடத்திலிருந்தும் பார்த்தேன், சீமாட்டியின் மாடத்திலிருந்து பார்த்தால்தான் பிரபுவின் காட்சி அதிசயமாகத் தெரிகிறது என்று மட்டும் சொன்னான்.

பிரபு பொய்முடியை நேராக்கிக்கொண்டார். "அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க, பிரபு."

"தெரிய வேண்டாம்."

பிறகு அடுத்த மாடிப்படியில் ஏறிப் போய்ச் சீமாட்டியிடமும் அதையே, மாடத்தை மட்டும் மாற்றிச் சொன்னான். அவர் விசிறியைப் பட்டென்று மூடினார். "அப்ப இத்தன காலமா அந்த ஆளு அங்க உக்காந்துக்கிட்டு நல்லதெல்லாம் தானே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றார். அது கேள்வி இல்லை. அகாப்பித்தோ குனிந்து வணங்கிவிட்டு வந்தான்.

கீழே தொன் கல்லிஸ்தோ மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, காட்சியை வெறித்துப் பார்த்துக்கொண்டு, கடைசியில் மூன்றாம் அங்கம் எழுதிக்கொண்டிருந்தார். சிம்மாசனமும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது, அதனால் ராஜா நடுவில் நின்று முடிவெடுக்க முடியாமல் தவிக்கப் போகிறான் என்றார். ரொம்ப இயல்பாக வருகிறதாம்.

வியாழக்கிழமை மெழுகுவத்திகூட ஏற்றவில்லை, அதற்குள் பிரபு சுற்று வழியாக வந்து சீமாட்டியின் மாடத்தில் உட்கார்ந்துவிட்டார். திருட்டுச் சந்தோஷம் முகத்தில் வழிய, எதிரே தன் மாடத்தைப் பார்த்தார். அதில் சீமாட்டி உட்கார்ந்திருந்தார், அவரைவிட முன்னாலேயே வந்து. இருவருக்கும் ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, வெற்றியும் வந்தது. ஆனால் வாய் திறந்து புகார் சொன்னால், திருடினதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரைக்குப் பின்னால் ஒரு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அகாப்பித்தோ முதல் தடவையாக மூச்சு விட்டான்.

முதல் இரண்டு அங்கங்களும் பழைய காட்சிகளோடு சுமாராகப் போயின. கீழே பெஞ்சுகளில் ஊரார் ஆரஞ்சு உரித்துக்கொண்டும் பூசணி விதை கொறித்துக்கொண்டும் இருந்தார்கள். மூன்றாம் அங்கத்துக்கு மணி அடித்தது. சாந்தே தட்டிகளை இழுக்கும் உருளையைச் சுற்றினார். பழைய தட்டிகள் உள்ளே போக, புதியவை ஒரே மூச்சில் வெளியே வந்தன.

பிரபு மாடத்துக்கு வெளியே சாய்ந்தார். எங்கு பார்த்தாலும் பொன். தன் காட்சிதான், முழுக்க முழுக்கத் தன் காட்சி. நெஞ்சு நிமிர்ந்து எதிரே பார்த்தார், தோற்றவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று. சீமாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். சீமாட்டிக்கும் அதே ஆச்சரியம். முழுக்க முழுக்கச் சிறையாக இருக்கிறது, இந்த மனிதர் எதற்கு இப்படிப் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்?

தோற்றவருக்கு என்ன சிரிப்பு என்பதைப் பொறுத்துக்கொள்ள இருவராலும் முடியவில்லை. கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். ராஜா ஸொராமொந்தோவாக வந்த பாடகர் கார்தெல்லீனோ கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு சுரம் பிடித்தார். அந்த நேரம் பார்த்துப் பிரபு எழுந்து தன் நடை வழியாக நடந்தார். அதே நேரம் சீமாட்டி எழுந்து தன் நடை வழியாக நடந்தார். சந்திக்கவே கூடாது என்று கட்டின நடைகள். அவர்களும் சந்திக்கவில்லை.

பிரபு தன் பழைய மாடத்தின் கதவைத் தள்ளினார். காலி. மேடையைப் பார்த்தார். பாதாளச் சிறை. எதிரே பார்த்தார். தான் சற்றுமுன் உட்கார்ந்திருந்த இடத்தில் சீமாட்டி நின்றுகொண்டு, வாய் பிளந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குத் தெரிந்தது பொன் மண்டபம்.

கண்ணெதிரே காட்சி மாறுவது அந்த ஊரில் புதிதல்ல. உருளை கிறீச்சிடும், தட்டி தடதடக்கும், யாராவது ஒரு தச்சன் கெட்ட வார்த்தை சொல்வான். இங்கே ஒரு சத்தமும் இல்லை. நடையைக் கடந்து வருவதற்குள், ஒரு தூசி பறக்காமல், முழு அரண்மனையும் சிறையாகிவிட்டது. பிரபு தன்னையறியாமல் கைதட்டினார். எதிர் மாடத்தில் சீமாட்டியும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் தன் பொன் மண்டபத்தை எடுத்துவிட்டார்களே என்று பிரபுவுக்கு உடனே பொறுக்கவில்லை. திரும்பி ஓடினார். சீமாட்டியும் தன் சிறையைத் தேடி ஓடினார். பிரபு வந்து பார்த்தால் மறுபடி பொன். ஆகா என்று உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு சந்தேகம், அந்தப் பக்கம் இப்போது என்ன இருக்கும்? மறுபடி எழுந்தார்.

கீழே பெஞ்சில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஆரம்பம் முதல் காட்சி அசையவில்லை, ஒரு பாதி அரண்மனை, ஒரு பாதி சிறை. அசைந்ததெல்லாம் மேலே இரண்டு பேர்தான். பிரபு இந்த மாடத்தில் முளைப்பார், மறைவார், அந்த மாடத்தில் மூச்சு வாங்க முளைப்பார். சீமாட்டி அகலப் பாவாடையைப் பக்கவாட்டில் திருப்பிக் கதவில் நுழைத்துக்கொண்டு எதிரே முளைப்பார். நடுவில் ராஜா, சிறைக்கு ஒரு அடி வைப்பான், சிம்மாசனத்துக்கு ஒரு அடி வைப்பான், எங்கே போவேன் எங்கே போவேன் என்று பாடுவான். ஒரு கல்யாணத்தை இவ்வளவு உள்ளபடி மேடையில் பார்த்ததே இல்லை என்று முன் பெஞ்சு ரொட்டிக்காரர் சொன்னாராம். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், தரையை மிதித்தார்கள். எல்லாம் தனக்குத்தான் என்று கார்தெல்லீனோ அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார். கடைசியில் ராஜா கையில் சங்கிலியோடு போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். அதற்கு மேல் தொன் கல்லிஸ்தோவுக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் இரண்டு மாடங்களிலிருந்தும் ஒரே உத்தரவு வந்தது. சத்தமில்லாமல் காட்சியை மாற்றுகிற அந்த யந்திரத்தை நாளைக் காலை காட்ட வேண்டும்.

அகாப்பித்தோ வீட்டுக்குப் போய் வேட்டைநாய் போலக் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். யந்திரம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா? எலி கடித்துவிட்டது என்று சொல்லலாமா?

"உண்மையச் சொல்லிடுங்க" என்றாள் புருதென்ஸா. "பொய் சொல்லி மாட்டறதுக்கும் ஒரு தெறம வேணும். உங்களுக்கு அது பத்தாது."

காலையில் அரங்கத்தின் பின்கதவு திறந்திருந்தது. பகல் வெளிச்சத்தில் பொன் எல்லாம் மஞ்சளாகவும், பாசி எல்லாம் வெறும் பச்சையாகவும் தெரிந்தன. தரையில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. பிரபு ஒரு வாசல் வழியாக வந்தார், சீமாட்டி மறு வாசல் வழியாக வந்தார், தொன் கல்லிஸ்தோ இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றார். யந்திரம் எங்கே என்று கேட்கச் சொன்னார் பிரபு. தானும் அதையே கேட்பதாகச் சொல்லச் சொன்னார் சீமாட்டி.

யந்திரம் இல்லை என்றான் அகாப்பித்தோ. குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். பிறகு, தயவுசெய்து இந்தப் பெஞ்சில் வந்து உட்காருங்கள் என்றான். ஊரார் உட்காருகிற பெஞ்சு. அதில் அவர்கள் இருவரும் பிறந்ததிலிருந்து உட்கார்ந்ததில்லை. நடுவில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் சரியாகத் தெரியும் என்று அவன் சொன்னதால், இருவரும் அந்த ஒரே இடத்துக்குப் போட்டிபோட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பார்த்தார்கள்.

மேலே ஒரு புறா இறக்கையைத் தட்டியது.

"தொன் கல்லிஸ்தோ" என்றார் பிரபு, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது பாக்கச் சகிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லும்."

தொன் கல்லிஸ்தோ வாயைத் திறப்பதற்குள் சீமாட்டி, "எனக்குக் கண்ணு இருக்கு, எனக்கும் சகிக்கல" என்றார்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. பிரபு மெல்லத் திரும்பிப் பார்த்தார். தொன் கல்லிஸ்தோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், வேலையில்லாமல்.

பிரபுதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "இவன் நம்மள முட்டாளாக்கிட்டான். ஊரே சிரிச்சிருக்கு. இன்னிக்கே அனுப்பிடறேன்."

அகாப்பித்தோவின் காதில் இறைச்சிக் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்க யாரு அனுப்பறதுக்கு?" என்றார் சீமாட்டி. "அந்தச் சிறைய இவன் எனக்காகப் போட்டான். எலி வாலப் பாத்தீங்களா? உயிர் இருக்கு. என் ஆளு இவன்."

"அந்தத் தூண் யாருக்குப் போட்டான்? எனக்குப் போட்டான். உன் ஆளு எங்கிருந்து வந்தான்?"

"உங்க ஆளுன்னா நான் அனுப்பறேன்."

"நீ அனுப்புவியா? இவன் இருப்பான். இங்கயேதான் இருப்பான்."

"அப்ப போகணும்."

"அப்ப இருக்கணும்."

அகாப்பித்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சில கணங்கள் பிரபுவால் வேலையில் இருந்தான், சில கணங்கள் சீமாட்டியால் வேலையில் இருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் வந்துவிடாமல் இருந்தால் போதும். நடுவில் ஒரு தடவை, அந்தச் சங்கிலி பூமாலையாக மாறுகிற இடம் மட்டும் பரவாயில்லை என்று பிரபு முணுமுணுத்தார். பூமாலை சங்கிலியாக மாறுகிற இடம்தான் பரவாயில்லை என்று சீமாட்டி திருத்தினார். அதையும் சண்டையாகவே போட்டுக்கொண்டார்கள்.

சண்டையில் மூச்சு வாங்கியபோது பிரபு கேட்டார், சரியாகத் தெரிகிற இடம் இது ஒன்றுதானா என்று. ஆமாம் என்றான் அகாப்பித்தோ. தூரக்காட்சி வரைகிறவன் ஒரு கண்ணை நினைத்துத்தான் வரைய முடியும், அந்தக் கண் இங்கே நடுவில் இருக்க வேண்டும், பக்க மாடத்திலிருந்து பார்க்கிறவர்கள் இத்தனை காலமும் பாதி நாடகம்தான் பார்த்திருக்கிறார்கள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தான்.

"அப்படின்னா இங்க ஒரு மாடம் கட்டு" என்றார் பிரபு. "எனக்கு."

"எனக்கு" என்றார் சீமாட்டி.

ஒரு மாடத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று அகாப்பித்தோ சொன்னான். நாற்காலி வேண்டுமானால் இரண்டு போடலாம், கொஞ்சம் ஒட்டினாற்போல.

"இவ பாவாடைக்கே தனியா ஒரு மாடம் வேணும். எவ்வளவு அகலம் பாரு."

"இவர் பொய்முடிக்கு மேல ஒரு மாடி எழுப்பணும், அத விட்டுட்டீங்க."

தொன் கல்லிஸ்தோ பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார்.

அகாப்பித்தோ அளவுகோலை எடுத்து முதலில் பாவாடையின் அகலத்தைக் கேட்டான், பிறகு பொய்முடியின் உயரத்தைக் கேட்டான். இருவரும் குறைத்துத்தான் சொன்னார்கள். அவன் இரண்டையும் கொஞ்சம் கூட்டியே குறித்துக்கொண்டான். மாடம் அகலமாகவும் வர வேண்டும், உயரமாகவும் வர வேண்டும். கூரையைத் தூக்க வேண்டும், பெஞ்சுகளைத் தள்ளிப் போட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அடுத்த கார்னிவல் வரைக்கும் வேலை இருந்தது. அதற்குள் அவர்கள் சண்டையும் முடிகிறதாக இல்லை.